இரு கண்டங்களும் ஒரு சாக்கடையும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இரு கண்டங்கள், இடையே கிடக்கும் ஒரு பெருங்கடல், படமும் சத்தமும் ஒன்றாக வராத எண்ணற்ற காணொளிக் கூட்டங்கள் ஆகிய அனைத்தையும் தாண்டி நடைபெற்ற இடையறாத முயற்சியின் பலனாக, எங்கள் நகராட்சி எல்லைக்குட்பட்ட ஏற்றத் தெருவுக்கும் இறக்கத் தெருவுக்கும் இடையே நிரந்தர சமாதானம் நிலைநாட்டப்பட்டுவிட்டது. அமைதி, நல்லாட்சி, நீடித்த வளர்ச்சி ஆகிய மூன்றும் இனி இவ்விரு தெருக்களிலும் தங்குதடையின்றிக் கிடைக்கும். மனித குலம் நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம்.

நகராட்சி வாசலில் இந்த அறிவிப்பை ஒட்டிய பிறகுதான், தங்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது என்ற விஷயமே இரண்டு தெருக்காரர்களுக்கும் தெரிய வந்தது.

உண்மையில் இருந்தது சண்டை இல்லை, சாக்கடை. ஏற்றத் தெரு மேட்டில் இருக்கிறது. இறக்கத் தெரு அதன் காலடியில். மேலே குளிக்கிற, துவைக்கிற, கழுவுகிற தண்ணீர் இறக்கத் தெரு வழியாகப் போய், பின்னால் இருக்கும் பெரிய கால்வாயில் சேர வேண்டும். பழைய சாக்கடை அப்படித்தான் சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு நகராட்சி அதை நவீனப்படுத்தியது. புதுக் குழாய் ஜோராகக் கீழே இறங்கி வந்து, இறக்கத் தெருவின் பாதியைத் தாண்டியதும் மேலே ஏற ஆரம்பித்தது. தண்ணீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது பாதி வழியில் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, எந்த வீடு தணிந்திருக்கிறதோ அந்த வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாக உள்ளே வந்தது. லேசான மழைக்குக் கணுக்கால் அளவு, பெருமழைக்கு அதற்கு மேல்.

அந்தத் தணிந்த வீடு கூட்டறிக்கையின் அண்ணனுடையது.

கூட்டறிக்கை என்பது ஆள்தான். நகராட்சியில் வெளித்தொடர்பு ஒருங்கிணைப்பாளர். அவர் எதை எழுதினாலும், ஒருநாள் விடுப்புக்கான விண்ணப்பமாக இருந்தாலும், இரண்டு நாடுகள் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பது போலவே இருக்கும் என்பதால் அலுவலகம் சூட்டிய பெயர் அது. வீட்டில் மனைவியோடு தகராறு வந்தால்கூட, இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்பார். ஒரு தரப்பு கரண்டியை எடுக்கும் வரை பேசுவார்.

அண்ணன் அப்படி இல்லை. அவருக்குப் பேச்சே குறைவு. டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். வீட்டின் முன்னறைதான் ஸ்கூல். சுவரில் சாலைக் குறியீட்டுப் படங்கள், மூலையில் அடுக்கி வைத்த சிவப்பு எழுத்து ‘எல்’ போர்டுகள், வாசலில் இரண்டு பிரேக் வைத்த கார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பழக வந்தவர்கள் கொல்லப் பார்க்கும் மாடுகளையும் மனிதர்களையும் தன் கால் பிரேக்கால் காப்பாற்றுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்து வந்ததில், கடைசியில் எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். மருத்துவமனை வராந்தாவில் அழுத்தும். பெண் பார்க்கப் போன இடத்திலேயே அழுத்தியது என்று அண்ணி சொல்வாள்.

அந்த அண்ணிக்குத்தான் முழங்கால் ஆபரேஷன் நடந்திருந்தது. மாடி ஏற முடியாது. குளியலறையை ஒட்டிய பின்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். காயம் ஆறும் வரை அழுக்குத் தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது, கிருமி உள்ளே போனால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் தம்பியிடம் வந்து ஒரே ஒரு தடவை கேட்டார். மழைக்கு முன்னால அந்தக் குழாயை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துடு. வாழ்நாளில் அவர் தம்பியிடம் கேட்ட முதல் உதவி அது.

கூட்டறிக்கை சும்மா இருந்துவிடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். பொறியாளரைப் பார்த்தார். குழாய் சரியாகத்தான் இருக்கிறது, மழைதான் தேவைக்கு மேல் பெய்கிறது என்றார் பொறியாளர். ஆணையரைப் பார்த்தார். சரிசெய்யலாம், ஆனால் சரிசெய்தால் தப்பாகப் போட்டோம் என்று ஆகிவிடும், போட்டவர் இப்போது மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார், அவர் மனம் நோகுமே என்றார் ஆணையர். ஒரு குழாயின் சரிவுக்காக ஒரு மனிதரின் மனதை நோகடிப்பது நல்லாட்சி ஆகாது என்று கோப்பு மூடப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் கடல் கடந்து ஓர் அழைப்பு வந்தது. வேறொரு கண்டத்தில் உள்ள நகர மன்றம் ஒன்று, அமைதிக்கும் நல்லாட்சிக்கும் நீடித்த வளர்ச்சிக்கும் கைகோக்க ஒரு கூட்டாளி நகரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. மோதலில் காயப்பட்ட சமூகங்களுக்கு முன்னுரிமை. கூட்டறிக்கைக்குப் பொறி தட்டியது. சாக்கடைக்கு உலகத்தில் எந்தத் திட்டமும் இல்லை. சமாதானத்துக்கு இருக்கிறது. அப்படியென்றால் சாக்கடையைச் சமாதானமாக எழுதிவிட்டால் போயிற்று.

உட்கார்ந்து எழுதினார். முதல் வரைவில் சாக்கடை, குழாய், சரிவு எல்லாமே இருந்தன. படித்துப் பார்த்தார். கொஞ்சம் நாறியது. அடுத்த வரைவில் அது ‘நீர்வழி சார்ந்த பதற்றம்’ ஆயிற்று. அதற்கடுத்த வரைவில் ‘மேட்டுச் சமூகத்துக்கும் தாழ்நிலச் சமூகத்துக்கும் இடையே தலைமுறைகளாகத் தேங்கிய மனக்கசப்பு’ ஆயிற்று. எழுத எழுத அவரே மூக்கைச் சிந்திக்கொண்டார். கடைசி வரைவில் குழாய் இல்லை, சாக்கடை இல்லை. காயங்கள் இருந்தன, நம்பிக்கையின் விதைகள் இருந்தன, விடியல் இருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் கண் கலங்கக் கேட்டுவிட்டு, பாவம், இது எந்த நாட்டுலங்க என்றாள்.

இரண்டு தெருவும் தேர்வாகிவிட்டன. விண்ணப்பம் அவ்வளவு நன்றாக இருந்ததாம்.

ஒப்பந்தம் வந்ததும் கூட்டறிக்கை முதலில் தேடியது குழாயைத்தான். நம்பிக்கை வளர்ப்புப் பட்டறை இருந்தது. இரண்டு கைகள் ஒரு இலையைத் தாங்கும் சின்னம் இருந்தது. இரு தெருக்களும் சந்திக்கும் முனையில் கான்கிரீட்டில் ஒரு சமாதான பெஞ்ச் இருந்தது. குழாய் இல்லை. எப்படி இருக்கும்? அதைப் பத்திரமாக வெளியே எடுத்துப் போட்டவரே அவர்தானே. காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டு, வருதுண்ணே, கட்டம் கட்டமா வரும் என்றார். அண்ணன் சரி என்றார். அண்ணன் எதற்கும் சரி என்பார்.

பிறகு தூதுக் குழு நேரில் வருவதாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: மோதலில் நேரடியாக ஈடுபட்டு, இப்போது மனம் மாறிய தாழ்நிலத் தலைவர் ஒருவரின் சொந்த வாய்மொழியைக் கேட்க விரும்புகிறோம்.

அலுவலகத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆணையர் மட்டும் நிதானமாக, ஒரு சண்டைக்காரனைப் புடிங்கய்யா, இதுக்குப் போயி முழிக்கறீங்க என்றார். ஊரில் சண்டைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் இன்னும் மனம் மாறவில்லை. மேடையில் ஏற்றினால் அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. சொன்னபடி கேட்கிற, சொன்னதைச் சொல்கிற, இறக்கத் தெருவில் குடியிருக்கிற ஒரு சண்டைக்காரர் வேண்டும். கூட்டறிக்கைக்கு ஒரே ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அன்று மாலை டிரைவிங் ஸ்கூலில் போய் உட்கார்ந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அண்ணி தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தது தெரிந்தது. விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டார்.

“நான் யாரைடா அடிச்சேன்?”

“யாரையும் அடிக்கலண்ணே. கோவம் இருந்துச்சு, இப்ப இல்லன்னு சொன்னா போதும்.”

“யார் மேல கோவம்?”

“ஏற்றத் தெரு மேல.”

“அங்கதானடா உன் வீடு இருக்கு.”

“அதெல்லாம் பாக்காதீங்கண்ணே. இது ஒரு… சம்பிரதாயம்.”

“நான் வண்டியில ஹார்ன்கூட அடிக்க மாட்டேன்டா,” என்றார் அண்ணன். “கத்துக்க வர்றவங்களுக்கு முதல் பாடமே அதான். மேடையில நின்னு கல்லெறிஞ்சேன்னு சொன்னா ரெண்டு தெருவும் சிரிக்காதா?”

சிரிக்க மாட்டார்கள், இரு தெருக்காரர்களும் புரிந்துகொள்வார்கள், இது ஒரு பெரிய நோக்கம் என்று கூட்டறிக்கை ஆரம்பித்தார். ஆரம்பித்தால் நிற்காது. அண்ணனின் வலது கால் தரையை அழுத்தத் தொடங்கியது. அப்போது பின்னறையிலிருந்து குரல் வந்தது.

“அவர் அப்படிச் சொன்னா, குழாயைச் சரி பண்ணிடுவாங்களா தம்பி?”

கூட்டறிக்கை வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த அத்தனை நீண்ட வாக்கியங்களும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டன.

“பண்ணிடுவாங்க அண்ணி,” என்றார்.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை.

ஒத்திகை ஸ்கூல் காரிலேயே நடந்தது. தம்பி எழுதிக் கொடுத்ததை, லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிற ஆள் மாதிரி அண்ணன் மனப்பாடம் செய்தார். ‘என் நெஞ்சில் வெறுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது’ என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்து நின்றுவிடும். நெஞ்சு எரிஞ்சா நான் மாத்திரை போடுவேன்டா என்பார். கடைசி நாள், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குழாயைப் பற்றி நானே ரெண்டு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டார். யாரிடமோ லிஃப்ட் கேட்கிற மாதிரி கேட்டார். தாராளமா சொல்லுங்கண்ணே, நான்தான மொழிபெயர்க்கப் போறேன் என்றார் தம்பி. அந்த நிமிடம் அதை மனதாரத்தான் சொன்னார்.

விழா நகராட்சி மண்டபத்தில் நடந்தது. இரு தெருக்காரர்களையும் எதிரெதிர் பக்கமாக உட்கார வைத்தார்கள். அவர்கள் வழக்கம்போலக் கலந்து உட்கார்ந்துவிட்டதால், ஊழியர்கள் வந்து சமரசம் பேசிப் பிரித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அந்த இரண்டு தெருவும் முதன்முதலாகப் பிரிந்தது அன்றுதான்.

தூதுக் குழுவின் தலைவி உயரமான பெண்மணி. நகர மன்றத் தலைவர். ஒரு குறையும் சொல்ல முடியாத நல்ல மனுஷி என்பது பார்த்தாலே தெரிந்தது. யார் பேசினாலும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். ஆணையர் மைக்கைச் சரிபார்க்க ஹலோ ஹலோ என்றபோதும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்.

அண்ணன் தேய்த்த சட்டையில் மேடையேறினார். கீழே அவரிடம் வண்டி பழகுகிறவர்கள் ஒரு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நேற்றுதான் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்ட கல்லூரி ஆசிரியை ஒருவர் கையசைத்தார். அவர் பக்கம் பார்க்காமல் அண்ணன் ஆரம்பித்தார். நான் வெறுத்தேன் என்றார். நான் கல்லெறிந்தேன் என்றார். தையல்கடைக்காரர், ஏற்றத் தெருக்காரர், தினமும் அவரோடு டீ குடிப்பவர், பக்கத்திலிருந்தவரிடம் இவர் எப்பப்பா எறிஞ்சாரு என்று கேட்டது மேடை வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். அண்ணனின் காது மடல் சிவந்துபோனது. வலது கால் மேடைப் பலகையை அழுத்த, பலகை முனகியது. கூட்டறிக்கை வரிவரியாக மொழிபெயர்த்தார். பிரமாதமாக மொழிபெயர்த்தார்.

எழுதிக் கொடுத்தது முடிந்தது. அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஒரு விஷயத்தை நேரா சொல்லிடறேன்,” என்றார். குரல் இப்போதுதான் அவருடைய குரலாக இருந்தது. “எங்களுக்குள்ள எந்தச் சண்டையும் இல்லீங்க. மேல இருந்து வர்ற சாக்கடைக் குழாயைத் தப்பாப் போட்டுட்டாங்க. மழை பெஞ்சா தண்ணி என் வீட்டுக்குள்ள வருது. என் சம்சாரம் கால் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கா. மழைக்கு முன்னால அதைச் சரி பண்ணிக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

இரு தெருக்காரர்களும் ஒரே மாதிரித் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ஆணையர் கூட்டறிக்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதவி உயர்வும் இருந்தது, இடமாற்றமும் இருந்தது. தலைவி நெஞ்சில் கை வைத்தபடி, அவர் என்ன சொன்னார் என்று கேட்பது போலக் கூட்டறிக்கையின் பக்கம் திரும்பினார்.

அண்ணனும் திரும்பினார். முழு நம்பிக்கையோடு, காரில் பழகுகிறவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பது போல.

கூட்டறிக்கை வெளிநாட்டு மொழியில் சொன்னார்: எங்கள் இல்லங்களுக்குள் வெறுப்பு வெள்ளமாய்ப் புகுந்த காலம் ஒன்று இருந்தது என்கிறார். இந்தக் கூட்டுறவால் இன்று அது வடிந்துவிட்டது என்கிறார். இனி எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்கிறார்.

கடைசி வரி சரியான மொழிபெயர்ப்பு.

தலைவியின் கண்களில் நீர் வழிந்தது. எழுந்து வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அண்ணன் திக்குமுக்காடிப்போனார். கீழே இறங்கி வந்ததும் தம்பியின் தோளைத் தொட்டு, நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனாவது நின்னு கேட்டிருப்பானாடா, கண்ணுல தண்ணி விட்டுட்டாங்க பாரு, உங்க அண்ணிகிட்ட உடனே சொல்லணும் என்றார். கூட்டறிக்கை தரையைப் பார்த்தார். அண்ணனின் வலது கால் எதையும் அழுத்தாமல் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது. தம்பி பார்த்து அதுதான் முதல் தடவை.

அன்றே சமாதான பெஞ்ச் திறக்கப்பட்டது. முனையில் நல்ல சமதளமாக ஓர் இடம் இருந்ததால் அங்கேயே கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தச் சமதளம் சாக்கடை மூடி. அடைத்தால் அதைத் திறந்துதான் கம்பி விட்டுக் குத்துவார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து, இனிமே எப்படிங்க திறக்கிறது என்று கேட்டார். சமாதானம் வந்த பிறகு எதற்குத் திறக்க வேண்டும் என்று ஆணையர் கேட்டார். அவர் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு கூட்டறிக்கை அலுவலகம் போய்வர வேறு வழியைப் பிடித்தார். நேர் வழி அண்ணன் வீட்டைத் தாண்டிப் போகும். சுற்று வழி குப்பை கொட்டும் இடத்தைத் தாண்டிப் போகும். குப்பையே தேவலை என்று தோன்றியது. மனைவிதான் சேதி கொண்டுவந்தாள். மேடைப் பேச்சை, ‘வன்முறையைக் கைவிட்ட தலைவர்’ என்று தலைப்புப் போட்டு வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். கல்லெறிந்த ஆளோடு பெண்ணைத் தனியாகக் காரில் அனுப்ப முடியாது என்று ரெண்டு மூணு வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம். ஸ்கூல் கார் பாதி நாள் வாசலிலேயே நிற்கிறதாம்.

“நீங்க போய் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?” என்றாள்.

பேசுகிறேன், தகுந்த சூழல் அமையட்டும் என்றார். சூழல் அமைந்தது. மழை பிடித்துக்கொண்டது.

பிற்பகல் முழுக்கக் கொட்டியது. கூட்டறிக்கை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிடாததுதான் அவரைக் கிளப்பியது. குடையைப் பிடித்துக்கொண்டு நேர் வழியிலேயே இறங்கினார்.

அண்ணன் வீட்டு வாசலில் ‘எல்’ போர்டுகளைக் குறுக்கே அடுக்கி அணை கட்டியிருந்தார்கள். அது தெருத் தண்ணீரைத்தான் தடுத்தது. உள்ளே குளியலறை ஓட்டை கொப்பளித்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்கடைக்காரரும் மேலேயிருந்து இறங்கி வந்து மொண்டுகொண்டிருந்தார். கூட்டறிக்கையைப் பார்த்ததும் அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“ஏங்க, அன்னிக்கு மேடையில அந்தம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னீங்கதானே? அழுதாங்களே. என்ன ஆச்சு?”

எல்லாரும் மொள்வதை நிறுத்தினார்கள். கூட்டறிக்கை குடையை மடக்கினார். பின்னறை வாசலிலிருந்து அண்ணன்தான் பேசினார்.

“என் தம்பி ஒண்ணு விடாம சொன்னான்பா. நான் பக்கத்துலதான நின்னேன். அவங்க ஊருக்குப் போய்ப் பேசித்தான முடிவு பண்ணணும். கண்டம் விட்டுக் கண்டம், லேட்டாகத்தான் செய்யும்.” பிறகு தம்பியிடம், “நின்னு பாக்காம வாடா, கட்டிலைத் தூக்கணும்,” என்றார்.

உள்ளே தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணி கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். கட்டில் விரிப்பின் நுனி நனைந்து, கறுப்பு ஈரம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, கட்டில் காலுக்கு இரண்டு செங்கல் கொடுத்தார்கள். தூக்கும்போது கட்டில் ஆடியது. அண்ணியின் கால் நழுவித் தண்ணீரில் பட்டு, மேலே வந்தது. ஒரு கணம்தான். மூவரும் அதைப் பார்த்தார்கள். அண்ணன் துண்டை எடுத்துக் கட்டின் மேல் ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

தம்பி தாங்க முடியாமல், அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது என்று ஆரம்பித்தார்.

“தெரியும்டா,” என்றார் அண்ணன், துடைத்துக்கொண்டே. “அந்தக் காலேஜ் டீச்சருக்கு அவங்க பாஷை தெரியும். மறுநாளே வண்டியில சொல்லிட்டாங்க. பாவம், சொல்லும்போது ஸ்டியரிங்கையே விட்டுட்டாங்க. நான்தான் பிரேக் அடிச்சேன்.”

“அப்பறம் ஏண்ணே என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன்.”

அண்ணி ஈரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“வெறுப்பைச் சொன்னீங்க, வெள்ளத்தைச் சொன்னீங்க. என் காலை மட்டும் விட்டுட்டீங்களே தம்பி.”

கூட்டறிக்கை வெளியே வந்து, ஒரு வாளியை எடுத்து, தையல்கடைக்காரர் பக்கத்தில் நின்று மொண்டார். இருட்டும் வரை மொண்டார். யாரும் அவரிடம் பேசவில்லை. பேசாதது கோபத்தினால் இல்லை, அவரவருக்கு வேலை இருந்தது. அதுதான் அவருக்கு மேலும் என்னவோ போல இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து தலைவிக்கு எழுதினார். வரைவே இல்லை. மோதல் இல்லை, நான் எழுதியது பொய். குழாய் தவறாகப் போடப்பட்டிருக்கிறது. என் அண்ணன் மேடையில் கேட்டது அதைத்தான், நான் மாற்றிச் சொன்னேன். பெஞ்சைச் சாக்கடை மூடியின் மேல் வைத்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, குழாயை மட்டும் சரிசெய்ய உதவுங்கள். எந்த நாடும் கையெழுத்துப் போட முடியாதபடி எழுதப்பட்ட அவருடைய முதல் கடிதம் அதுதான். அனுப்பிவிட்டு நேரே ஆணையரிடம் போய், மேடையில் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்றார். நல்லவேளை என்றார் ஆணையர்.

வேலை போகும் என்று எதிர்பார்த்தார். போக வேண்டும் என்றும் விரும்பினார். மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மருத்துவமனைக்கு மட்டும் தினமும் போனார். அண்ணிக்குக் காய்ச்சல் வந்து அங்கே சேர்த்திருந்தார்கள். வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அண்ணனின் கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது தன் காலும் அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. எதை நிறுத்தப் பார்க்கிறோம் என்று தெரியவில்லை. காலை இழுத்துக்கொண்டார்.

பதில் ஒருவழியாக வந்தது. வண்ண முத்திரையோடு வந்தது. தங்கள் கடிதம் எங்கள் மன்றத்தில் முழுமையாக வாசிக்கப்பட்டது, உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டார்கள் என்று தலைவி எழுதியிருந்தார். தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும் இத்தகைய வெளிப்படைத்தன்மைதான் நல்லாட்சியின் உயிர்நாடி என்றும், எனவே இரு கண்டக் கூட்டுறவின் இந்த ஆண்டுக்கான நல்லாட்சி விருது எங்கள் நகராட்சிக்கே வழங்கப்படுகிறது என்றும், சமாதான பெஞ்ச் இரு மன்றங்களின் கூட்டுச் சொத்து என்பதால் அதை நகர்த்துவது பற்றி அடுத்த உச்சி மாநாட்டில் பேசலாம் என்றும் எழுதியிருந்தார். கடிதத்தை ஆணையர் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டார். கூட்டறிக்கை முதுநிலை ஒருங்கிணைப்பாளர் ஆனார். வாசலில் புது அறிவிப்பு ஒட்டப்பட்டது. அமைதி கிடைத்துவிட்டது, நல்லாட்சியும் கிடைத்துவிட்டது, மீதி இருப்பது நீடித்த வளர்ச்சி மட்டுமே என்று அது பறைசாற்றியது.

அண்ணியின் முழங்காலை மறுபடி திறந்தார்கள். சாக்கடை அண்ணன் வீட்டுக்குள்தான் போகிறது.